மூன்று வருடமாக அதே பாடம்: குறை வாத்தியாரிடமா, என்னிடமா?

கீழமாசி | ஞாயிறு, இரவு 9.52

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 34. சொந்த ஊர் மதுரை, வேலை சென்னையில். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் கம்பு சுற்றுகிறவர்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றவன். வீட்டில் அப்போது விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்புதான், பக்கத்து மைதானத்தில் சனி ஞாயிறு காலையில் சிலம்பம் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். வாத்தியாருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பேச்சு குறைவு. மாதம் 600 ரூபாய், அதையும் கேட்டு வாங்கமாட்டார்.

முதல் ஆறு மாதம் வெறும் காலடி, அதாவது கால் எடுத்துவைக்கும் முறை. கம்பைத் தொடவே விடவில்லை. அதுதான் முறை என்றார்கள், சரி என்று இருந்தேன். அப்புறம் முன்சுற்று, பின்சுற்று, தலைக்கு மேல் சுற்று. இரண்டாம் வருடம் ஒரு கோர்வை, அதாவது சுற்றுகளை வரிசையாகக் கோத்த ஆட்டம். அதோடு நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள் இருவர், எதிரெதிரே நின்று ஆடுகிற ஜோடி ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவன் கையில் இப்போது சாட்டைபோல வளைகிற சுருள்வாள். நான் கேட்டால் மட்டும் "பார்க்கலாம்". மூன்று வருடத்தில் அவர் என்னிடம் அதிகம் பேசிய வார்த்தை அதுதான்.

வேளச்சேரிப் பக்கம் இன்னொரு வகுப்பில் ஆறு மாதத்துக்கு ஒரு பெல்ட் தருகிறார்களாம். அங்கே மாறிவிடலாமா?

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "நம் வளர்ச்சிக்கு நாமே பொறுப்பு" என்று யாரும் பொத்தாம்பொதுவாக எழுதவேண்டாம். வாரம் நான்கு மணி நேரம் போகிறேன். மழை நாள் தவிர ஒரு வகுப்புகூட விட்டதில்லை. இதற்கு மேல் நான் என்ன செய்யவேண்டும், அதைச் சொல்லுங்கள்.

கறுப்புப்பட்டி | ஞாயிறு, இரவு 10.15

சனி, ஞாயிறு சரி. திங்கள் முதல் வெள்ளி வரை கம்பு எங்கே இருக்கும்?

கீழமாசி | ஞாயிறு, இரவு 10.18

பீரோவுக்குப் பின்னால்.

நாஞ்சில்_அடி | திங்கள், காலை 6.05

தம்பி, சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டிலும் ஒரு பீரோ உண்டு.

நான் கன்னியாகுமரி மாவட்டம். படித்தது அடிமுறை, எங்கள் பக்கத்துச் சண்டைக் கலை. எங்கள் பக்கம் வாத்தியார் என்பதில்லை, ஆசான். என் ஆசான் வர்ம வைத்தியரும்கூட. பகலில் எண்ணெய் காய்ச்சுவார், கை கால் பிசகி வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவார். சாயங்காலம் எங்களுக்கு ஒரு சுவடு (காலடி வரிசை) காட்டுவார். இரண்டு தடவை காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அப்புறம் நாங்கள் எட்டுப் பேரும் என்ன செய்கிறோம் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாராம். இது அவர் இறந்த பிறகு அவர் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்களோ அவர் போனதும் கிணற்றடியில் உட்கார்ந்து கதை பேசியவர்கள். ஒரே ஒருவன் மட்டும் அந்தச் சுவட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பான். அவனுக்குத்தான் அடுத்தது கிடைத்தது. ஆசானுக்கு அவன் செல்லப்பிள்ளை என்று நாங்கள் பல வருடம் புகைந்துகொண்டிருந்தோம்.

வீட்டில் பழகினீர்களா என்று உங்கள் வாத்தியார் கேட்கவேண்டியதே இல்லை. கம்பு சொல்லிவிடும். கை பழகியவன் சுற்றினால் கம்பு ஒரே சீராக ரீங்காரம் போடும். பழகாதவன் சுற்றினால் திருப்பத்தில் சத்தம் அறுந்து அறுந்து வரும். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அவருக்குக் கேட்கும்.

எங்கள் முறையில் நிறுத்திவைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வர்மம் என்றால் உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்கள். 108 என்பது கணக்கு, உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்ற தொடுவர்மம் 96. எந்த இடம் என்று காட்டுவதற்கு ஒரு நாள் போதும். அதை முன்கோபக்காரனிடம் காட்டிவிட்டு அப்புறம் யார் பதில் சொல்வது? அதனால் ஆளைப் பார்த்து, வருடக்கணக்கில் ஆறப்போட்டுத்தான் தருவார்கள். ஆனால் உங்கள் விஷயம் அதுவல்ல. ஜோடி ஆட்டத்தில் மறைக்க என்ன இருக்கிறது? அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வெயில் | திங்கள், காலை 11.30

ஜன்னல் கதை நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லவேண்டும், நானே சொல்கிறேன்.

நான் இரண்டு வருடம் ஒரு பயிற்சிக் கூடத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். தினமும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பழகினேன். என் கம்பு பீரோவுக்குப் பின்னால் போனதே இல்லை. ஆனால் பெண்களுக்கு அலங்காரச் சிலம்பம் மட்டும்தான். கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டு விழா, அரசியல்வாதி வரவேற்பு, இவற்றில் வரிசையாக நின்று சுற்றவேண்டும். ஜோடி கேட்டால் "உழைப்பு போதாது, உன் வளர்ச்சி உன் கையில்" என்பார். ஒருநாள் திடீரென்று என்னைவிட முப்பது கிலோ கூடுதலான ஒருவரோடு நிற்கச் சொன்னார். கையுறை கிடையாது, தலைக்கவசம் கிடையாது. மூன்றாவது வீச்சில் என் சுண்டுவிரல் எலும்பு முறிந்தது. அவர் சொன்னது: "கவனம் உன் பொறுப்பு."

அந்த வார்த்தையை மாணவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லித்தருகிறவர் வாயிலிருந்து வந்தால், நான் வாசலில் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

நாஞ்சில்_அடி | திங்கள், மதியம் 1.10

விரலை முறித்துவிட்டு கவனம் உன் பொறுப்பு என்றவன் ஆசானே இல்லை மகளே. எங்கள் பக்கத்தில் அடிபட்டால் கட்டுப் போடுவதும் ஆசான்தான், கட்டுப் பிரிக்கிற வரை பத்தியம் பார்ப்பதும் அவர்தான். சரியானதைக் காட்டுவது, தப்பைத் தப்பென்று சொல்வது, யாரை யாரோடு நிறுத்துவது என்று முடிவு செய்வது, இந்த மூன்றும் அவர் கணக்கு. மாணவன் தலையில் கட்ட முடியாது. மற்றதெல்லாம் மாணவன் கணக்கு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வெயில் | திங்கள், மதியம் 1.25

அப்படியென்றால் கீழமாசியின் வாத்தியார் இரண்டாவதைச் செய்யவில்லை. "பார்க்கலாம்" என்பது தப்பைச் சொல்வது ஆகாது.

கறுப்புப்பட்டி | திங்கள், இரவு 8.40

பெல்ட் பற்றி எழுதியிருந்தீர்கள். கோவையில் 20 வருடமாகக் கராத்தே ஆடுகிறவன், அதனால் இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

பெல்ட் ஆதிகாலத்து விஷயம் இல்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் கோடோகன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மறுவருடம் மாணவர் இருவருக்கு முதல் டான் என்ற தேர்ச்சிப் படி கொடுத்தார். இடுப்பில் கறுப்புத் துணி வந்தது அதற்கும் சில வருடம் கழித்து. ஒக்கினாவாக் கராத்தேயில் அதுவரை படிநிலை என்று ஒன்றுமே கிடையாது. அங்கிருந்து டோக்கியோ போய்ச் சொல்லிக்கொடுத்த கிச்சின் ஃபுனகோஷி 1924-இல்தான் கானோவின் முறையை எடுத்துக்கொண்டு டான் கொடுக்க ஆரம்பித்தார். அதிலும் கறுப்பு பெல்ட்டின் முதல் நிலைக்கு ஷோடான் என்று பெயர். தொடக்கப் படி என்று அர்த்தம். நம்மூரில் அதை வாங்கியதும் பிளெக்ஸ் வைக்கிறோம். (நானும் வைத்தேன். அப்பா செலவு.)

அதே ஃபுனகோஷி டெக்கி என்கிற மூன்று கட்டாக்களை (அசைவுக் கோர்வைகளை) பத்து வருடம் படித்தவர். ஒவ்வொன்றும் ஒரே கோட்டில் இடமும் வலமும் நகர்கிற சின்னக் கட்டா. வீடியோவைப் பார்த்தால் ஒரு வாரத்தில் அசைவுகளை மனப்பாடம் செய்துவிடலாம். பகலில் பள்ளி ஆசிரியர் வேலை, ராத்திரியில் தன் கராத்தே ஆசிரியர் வீட்டு முற்றத்தில் பயிற்சி. "சரி" என்று அவர் சொல்கிற வரை அடுத்ததுக்கு நகர்வது கிடையாது. எல்லோரும் அப்படிச் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை, என்னால் முடியாது. ஆனால் "மூன்று வருடமாக அதே பாடம்" என்று நீங்கள் குறைப்பட்டதைப் படித்தபோது ஃபுனகோஷிதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அப்புறம் இன்னொரு கணக்கு. வாரம் நான்கு மணி நேரம் என்கிறீர்கள். அதில் வணக்கம், வார்ம்அப், வரிசையில் காத்திருப்பது, தண்ணீர் குடிப்பது போகக் கம்பு உண்மையில் சுற்றுகிற நேரம் எவ்வளவு? ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நான் என் வகுப்பில் பார்த்தேன், எண்ணைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இருமகள்_அப்பா | செவ்வாய், காலை 7.20

குறுக்கே ஒரு சந்தேகம். என் இரண்டு பெண்களும் சிலம்பம் போகிறார்கள். தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு, 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக வந்த பிறகு, எங்கள் வகுப்பில் கூட்டம் தாங்கவில்லை. பெற்றோர்கள் கேட்கிற முதல் கேள்வியே "எப்போது சான்றிதழ்?" உண்மையைச் சொன்னால் நானும் கேட்டவன்தான்.

பத்து வயதுக் குழந்தையிடமும் பொறுப்பு உன்னுடையது என்று சொல்ல முடியுமா?

நாஞ்சில்_அடி | செவ்வாய், காலை 7.45

குழந்தையிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு எது வரவில்லை? "எல்லாம் வந்தது" என்றால் விளையாடப் போகச் சொல்லுங்கள். "இந்தத் திருப்பம் வரவில்லை" என்றால் கம்பை எடுத்துக் கொடுங்கள். திட்டவேண்டாம்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், மதியம் 12.00

எந்தப் பாணி உயர்ந்தது, சிலம்பமா களரியா குங்ஃபூவுக்குத் தாய் என்று வந்த ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

தோள்வலி | செவ்வாய், இரவு 9.30

நான் பிசியோதெரபிஸ்ட், திருச்சி. சிலம்பம் ஆடுகிற சிலர் என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் தோள், அடுத்தபடியாக மணிக்கட்டு. அவர்களில் நிறையப் பேர் உங்களைப் போல வாரக் கடைசியில் மட்டும் ஆடுகிறவர்கள். ஐந்து நாள் மேசையில் கூன் போட்டு உட்கார்ந்துவிட்டு, ஆறாம் நாள் காலை இரண்டு மணி நேரம் கையைத் தலைக்கு மேல் சுழற்றினால் தோள்பட்டைத் தசைநார்கள் என்ன செய்யும்? தினமும் பதினைந்து நிமிடம் என்று பிரித்துவிடுங்கள். உடம்பு கற்றுக்கொள்வதற்கும் அதுதான் நல்லது.

இன்னொன்று. பழகுகிற விதம். ஒரே சுற்றை நூறு தடவை போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறோம் அல்லவா? அறுபதாவது தடவை ரொம்ப அழகாக வரும், மனசுக்கும் திருப்தி. அடுத்த வாரம் போனால் காணாமல் போயிருக்கும். இதைப் பற்றி 1979-இல் ஷே, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பந்தைக் கையில் எடுத்து, குறிப்பிட்ட வரிசையில் சின்ன மரத் தடுப்புகளைத் தட்டிவிடவேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பழகியது, இன்னொரு குழு மூன்றையும் கலைத்துப்போட்டுப் பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலைத்துப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள்.

அதனால் உங்கள் சுற்றுகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப்போட்டு, வந்ததைச் செய்யுங்கள். சொதப்பும், எரிச்சல் வரும். பரவாயில்லை.

போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் நாம் எல்லோரும் ஹீரோ மாதிரிதான் தெரிவோம். பக்கத்திலிருந்து எடுத்தால் கால் மாட்டிக்கொள்ளும். ஊமை வலி என்றால் ஒருநாள் ஓய்வு. சுருக்கென்று குத்துகிற வலி என்றால் கம்பைக் கீழே வையுங்கள். வலியைத் தாங்கினால்தான் வளர்ச்சி என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், முக்கியமாக உங்கள் மனசு சொன்னால்.

கிள்ளான்வாசி | புதன், காலை 8.10

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே சிலம்ப வாத்தியார் மாதத்துக்கு ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வருவாராம். மீதி 29 நாளும் வாத்தியார் கிடையாது. அந்த 29 நாளை எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் எங்கள் வீட்டில் கைமாறி வந்த பாடம்.

தரையில் ஒரு சதுரம் கீறிக்கொள்வார்கள், அதன் மூலைகளில்தான் கால் விழவேண்டும். கிளையில் எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கம்பு நுனியால் அதைத் தொடவேண்டும். அடித்தால் பழம் பறந்துவிடும், தொட்டால் லேசாக ஆடும். நுனியில் திருநீறு பூசிக்கொண்டு ஜோடி நிற்பார்கள். யார் உடம்பில் எங்கே வெள்ளைப் பொட்டு விழுந்திருக்கிறது என்று அப்புறம் எண்ணிப் பார்ப்பார்கள். பொய் சொல்ல முடியாது, சட்டையிலேயே இருக்கும். பாட்டிக்கு மட்டும் துவைக்கிற கஷ்டம்.

வாத்தியார் வந்தால் "புதுசா என்ன?" என்று கேட்டால் அடி விழுமாம். "இது ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டால் இரண்டு மணி நேரம் நின்று சொல்லித்தருவாராம்.

கீழமாசி | புதன், இரவு 11.02

எல்லோருக்கும் நன்றி. கடைசி வரி கொஞ்சம் உறைத்தது. மூன்று வருடமாக நான் கேட்டது "அடுத்தது எப்போது?" மட்டும்தான். இப்போதைக்கு மாறவில்லை. கம்பை பீரோவிலிருந்து எடுத்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்திருக்கிறேன். பார்ப்போம்.

கீழமாசி | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.20

திரும்பி வந்துவிட்டேன்.

முதல் வாரம் மொட்டை மாடியில் டிஷ் கம்பியை அறுத்தேன். அதை விடுங்கள்.

வீடியோ எடுத்துப் பார்த்தேன். என்னை நான் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலதுபக்கம் ஓரளவு பரவாயில்லை. இடது கைக்குக் கம்பு மாறுகிற இடத்தில் உடம்பு முழுக்க முன்னால் சரிகிறது, பின்காலின் குதிகால் தரையிலேயே இல்லை. ஒருதடவை இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். மூன்று வருடம் இதைத்தான் அழகாகப் பழகியிருக்கிறேன்.

இரண்டாவது, அந்தச் சுருள்வாள் பையன். வகுப்பு ஆறரைக்கு. ஒருநாள் தூக்கம் வராமல் ஐந்தரைக்கே போய்விட்டேன். அவன் மைதானத்தில் கண்ணாடிச் சில்லு பொறுக்கிப் பெருக்கி முடித்துவிட்டு, தனியாகக் காலடி போட்டுக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "சேர்ந்ததிலிருந்தே அண்ணா. வாத்தியார் வீட்டுச் சாவி மாதிரி பெருக்குமாறும் என்கிட்டதான் இருக்கு" என்றான்.

மூன்றாவது வாரம் வாத்தியாரிடம் போய், "பின்சுற்றில் இடது கைக்கு மாறும்போது கம்பு முழங்காலில் தட்டுகிறது, எங்கே தப்பு?" என்று கேட்டேன். மனிதர் இருபது நிமிடம் பேசினார். என் கம்பை வாங்கி, என் பின்காலை அவர் காலால் மிதித்துக்கொண்டு, "இப்போ சுத்து" என்றார். தட்டவில்லை. ஜோடிக்கு ஏன் விடவில்லை என்று அப்போதுதான் வாயைத் திறந்தார்: "இந்தக் காலோட எதிர்ல ஒருத்தன் முன்னாடி நின்னா முதல் அடி உன் முட்டியிலதான் விழும். உனக்குக் குழந்தை குட்டி இருக்கு."

புதுப் பாடம் இன்னும் தரவில்லை. சொல்லப்போனால் பழையபடி காலடிக்கே இறக்கிவிட்டார்.

வெயில் | ஞாயிறு, இரவு 8.41

மகிழ்ச்சி. ஆனாலும் நான் விடமாட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை அவர் இரண்டு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவர் குறை.

கீழமாசி | ஞாயிறு, இரவு 8.50

எனக்கும் அந்த வருத்தம் இருக்கிறது. அவரிடமே சொன்னேன். "நீ கேக்கலியே" என்றார். "கேட்காவிட்டாலும் சொல்லலாமே" என்றேன். கொஞ்ச நேரம் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஒரே பிரச்சினை, கீழ்வீட்டு மாமி. காலையில் ஐந்தரைக்கு மாடியில் தொம் தொம் என்று சத்தம் வருகிறது, தூங்க முடியவில்லை என்கிறார். பாய் விரித்துப் பார்த்தேன், வழுக்குகிறது. ரப்பர் விரிப்பு ஏதாவது வாங்கவேண்டுமா?

நாஞ்சில்_அடி | திங்கள், காலை 5.55

எதுவும் வாங்கவேண்டாம் தம்பி. எடையை மாற்றாமல் காலைத் தூக்கிப் போட்டால்தான் தொம் என்று விழும். எடை முதலில் நிற்கிற காலுக்குப் போய், அப்புறம் மற்ற கால் போனால் சத்தமே வராது. மாமி புகார் சொல்வதை எப்போது நிறுத்துகிறாரோ, அப்போது காலடி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழமாசி | திங்கள், காலை 6.20

அப்படியானால் மாமிக்கும் மாதம் 600 கொடுக்கவேண்டியிருக்கும்.